முன்னாடி கை வைத்த புண்ணியவான்

வீட்டுக்கு எந்த வேலைக்காரர் வந்தாலும் முதலில் ஒரு வார்த்தை சொல்வார். பைப்பு பார்க்க வரும் சீனராக இருக்கட்டும், ஒயரிங் பார்க்க வரும் நம்மவராக இருக்கட்டும், கூரை மேல் ஏறும் பையனாக இருக்கட்டும், குனிந்து பார்த்துவிட்டு உச்சுக் கொட்டி, "இனி சியாப்பா புவாட், போஸ்?" என்பார். இதை யார் செய்தது? முன்னாடி கை வைத்த புண்ணியவானுக்கு அவர் கொடுக்கும் திட்டு அது. கூலி கொஞ்சம் கூடும் என்பதற்கு முன்னறிவிப்பும் அதுதான்.

கோலாலம்பூருக்குப் பக்கத்தில் செலாயாங்கில் இந்தத் தாமான் (குடியிருப்பு) வீட்டுக்குக் குடிவந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவ்வளவு காலமும் அந்தக் கேள்வியைக் கேட்டு நானும் சேர்ந்து தலையாட்டி, "அதானே, எவன் செஞ்சானோ" என்று சொல்லியிருக்கிறேன். ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பொழுது போகாமல் நானே ஸ்பேனரைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் தெரிந்தது, எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அந்தப் புண்ணியவான் பெரும்பாலும் நான்தான்.

முதலில் மாட்டிக்கொண்டது குளியலறைக் குழாயில். சொட்டுச் சொட்டாக ஒழுகியது. வாஷர் மாற்றினால் போதும், எனக்குத்தான் புதுக் குழாயே போட்டுவிடலாம் என்று ஆசை. மெயின் வால்வை அடைத்துவிட்டுப் பழையதைத் திருகி எடுத்தால், மரையோடு சேர்ந்து வெள்ளை டேப் கொத்துக் கொத்தாக வருகிறது, கோயித்தியாவ் நூடல்ஸ் மாதிரி. 2009-ல் நான் சுற்றியது. ஒழுகிவிடக் கூடாதே என்ற பயத்தில் அரை ரோலைச் சுற்றி, குழாயின் மூக்கு நேராகக் கீழே பார்க்கும்வரை மூச்சைப் பிடித்து முறுக்கியிருக்கிறேன். சுவருக்குள் இருப்பது பிவிசி சாக்கெட். டேப் சுற்றிய பித்தளை உள்ளே போகப் போக அதன் பருமன் சாக்கெட்டை வெளிப்பக்கம் தள்ளும். பிளாஸ்டிக் எவ்வளவுதான் தாங்கும், மயிரிழை அளவுக்கு விரிந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கையறையில் பெயிண்ட் உப்பி உப்பி உதிர்ந்ததை மழை ஈரம் என்று நினைத்து இரண்டு தடவை சுரண்டிப் பூசியவனும் நான்தான். வருஷக்கணக்காக என் வீட்டுச் சுவருக்குள் எனக்குத் தெரியாமல் ஒரு ஊற்று. டைலை உடைத்து, சாக்கெட்டை மாற்றி, திரும்பப் பூசி முடிக்க நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் வீட்டம்மா மாடிக் குளியலறைக்கு வாளியோடு ஏறி இறங்கியபோது ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

டேப்பை மரையின் முனையைப் பார்த்தபடி பிடித்துக்கொண்டு கடிகாரம் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் குழாயை முறுக்கும்போதே அது கழன்று சுருண்டுகொள்ளும். பத்துச் சுற்று தாராளம். கையால் முறுக்கி இறுகியபிறகு ஸ்பேனரால் ஒரு சுற்று, மிஞ்சினால் ஒன்றரை. அதற்கு மேல் திருகச் சொல்லுவது பயம்தான்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். கடையில் "அரை இஞ்சு பைப்பு" என்று கேட்டு வாங்குகிறோம் இல்லையா, அந்த மரையை அளந்து பாருங்கள். அரை இஞ்சு என்றால் 12.7 மில்லிமீட்டர் வர வேண்டும். வருவது கிட்டத்தட்ட 21. எனக்கு முதலில் காலிபர்தான் கெட்டுப்போய்விட்டது என்று தோன்றியது. விஷயம் என்னவென்றால், அரை இஞ்சு என்பது பழைய இரும்புக் குழாயின் உள்துளைக்கு வைத்த பெயர். இரும்புக் குழாய் போய்ப் பிளாஸ்டிக் வந்து எவ்வளவோ காலம் ஆகியும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஒன்று, அந்த மரையின் பற்கள் 55 டிகிரியில் வெட்டப்பட்டவை, இஞ்சுக்கு 14. இந்த 55 டிகிரி 1841-ல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் சொன்ன கணக்கு. இன்றைய மில்லிமீட்டர் போல்ட்டெல்லாம் 60 டிகிரி. 1972-ல் எடை அளவைச் சட்டம் வந்தபிறகு நாடு முழுக்க மீட்டருக்கும் கிலோவுக்கும் மாறிவிட்டது, குளியலறைக் குழாயில் மட்டும் விட்வொர்த் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்.

விட்வொர்த் எனக்குப் புதுப்பெயர் கிடையாது. அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்தவர். 1945-ல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டுச் சிதைத்து, சண்டை முடிந்ததும் திரும்பக் கட்டி எழுப்பிய பட்டறை அது. அந்தப் பக்கத்துத் தமிழர் வீடுகளில் பட்டறைச் சங்கு ஊதுவதை வைத்துத்தான் உலை வைப்பார்கள். (இன்று செந்தூலில் பழைய ரயில்வே கட்டடம் ஒன்றில் நாடகம் போடுகிறார்கள், 2005-லிருந்து. போய்ப் பார்த்தேன். நாடகத்தைப் பார்த்ததைவிட மேலே இரும்புச் சட்டங்களைப் பார்த்ததுதான் அதிகம்.) அப்பாவின் இரும்புப் பெட்டியில் இருந்த ஸ்பேனர்களில் 1/2 என்று பொறித்து, பக்கத்தில் விட்வொர்த்துக்கான எழுத்து இருக்கும். சின்ன வயதில் அதன் வாயை ஸ்கேல் வைத்து அளந்து, அரை இஞ்சு இல்லையே, கிட்டத்தட்ட ஒரு இஞ்சு இருக்கிறதே, உங்களை ஏமாற்றிவிட்டார்கள் அப்பா என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "போல்ட்டு தண்டு அரை இஞ்சுடா, நீ வாயை அளக்குற" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் போனபிறகு பெட்டி எனக்கு வந்து, மாடிப்படிக்குக் கீழே பழைய பேப்பர்களோடு கிடந்தது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

குழாய் சமாசாரம் தாமானில் பரவி, சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக் கார் போர்ச்சில் ஆள் சேர ஆரம்பித்தது. ஒருவர் லோரி மெக்கானிக்காக இருந்தவர், எழுபத்து நான்கு வயது, நாங்கள் எல்லோரும் அண்ணே என்போம், அவர் என்னைத் தம்பி என்பார், அறுபத்தேழு வயதில் தம்பி என்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இன்னொருவர் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி வாத்தியார், மரவேலையில் பிரியம் உள்ளவர், பிரியம் அளவுக்குக் கை ஓடாது. எதிர்வீட்டுச் சீனப் பெரியவர் அதிகம் பேசமாட்டார், கோப்பியோடு வந்து நின்று பார்ப்பார், தப்பாகச் செய்யும்போது மட்டும் "ஐயோ" என்பார். இந்த ஒரு சொல்லை நம்மிடம் இருந்துதான் எடுத்தாரா, அவர்களுக்கே சொந்தமா என்று வாத்தியார் பல வாரமாக ஆராய்ந்துகொண்டிருக்கிறார்.

ஹால் மின்விசிறி அடுத்த வழக்கு. ஐந்தில் வைத்தாலும் சோம்பலாகச் சுற்றும், மோட்டாருக்குப் பக்கத்தில் கை கொண்டுபோனால் அனல். அண்ணன் ஏணியில் ஏறும் முன்னே என்னிடம், "தம்பி, கெப்பாசிட்டரை மாத்துனீங்களா?" என்று கேட்டார். எப்படித் தெரிந்தது என்று வியந்தேன். மாற்றியிருந்தேன், சில வருஷத்துக்கு முன்னால். கூரை விசிறி மோட்டாரில் இரண்டு சுருள் இருக்கிறது. ஒன்றுக்கு நேராக மின்சாரம், இன்னொன்றுக்குக் கெப்பாசிட்டர் வழியாக, கொஞ்சம் முன்பின்னாக. அந்த முன்பின்தான் விசிறியைத் தள்ளிச் சுற்றவைக்கிறது. நம்ம ஊர் வெக்கையில் ராப்பகலாக ஓடும் விசிறியில் கெப்பாசிட்டர் வருஷம் போகப் போக இளைத்துப்போகும், விசிறி மெதுவாகும், சில சமயம் கையால் தள்ளிவிட்டால்தான் கிளம்பும். அப்போது மேலே எழுதியிருக்கும் அதே அளவில் புதிதாகப் போட வேண்டும். என்னுடையதில் 2.5 மைக்ரோஃபாரட் என்று இருந்தது. நான் கடையில் 4 இருப்பதைப் பார்த்து, பெரிசு என்றால் நல்லதுதானே என்று வாங்கிப் போட்டேன். கொஞ்ச நாள் வேகமாகச் சுற்றியது, பெருமையாகக்கூட இருந்தது. பெரிய கெப்பாசிட்டர் என்றால் இரண்டாவது சுருளில் தேவைக்கு மேல் மின்சாரம் ஓடும், சுருள் சூடாகும், சூட்டில் பெயரிங்கின் கிரீஸ் காயும். அதைத்தான் அண்ணன் ஏணியில் ஏறும் முன்னே படித்துவிட்டார். நல்லவேளை சுருள் கருகவில்லை. சரியான கெப்பாசிட்டரும் இரண்டு பெயரிங்கும் மாற்றியதோடு போயிற்று. பெயரிங்கில் அண்ணனின் ஒரு கண்டிப்பு: பழையதின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணைப் படித்து அதையே வாங்கு. 6202 என்றால் உள்துளை 15 மில்லிமீட்டர், வெளிவட்டம் 35. 6201 என்றால் 12, 32. எந்தக் கம்பெனி செய்தாலும் அதே அளவுதான், அதனால் எண்ணைச் சொன்னால் போதும், விசிறி என்ன மாடல் என்று கடையில் கதை சொல்லத் தேவையில்லை. புடு ஜாலான் பாசார் பக்கம் போனால் இதெல்லாம் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும், கார் நிறுத்தத்தான் அதைவிட அதிகமாகும்.

மின்சாரத்தில் நான் கை வைக்கும் எல்லை இவ்வளவுதான். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஏறமாட்டேன், பெட்டியில் பிரேக்கரையே இறக்கிவிட்டுத்தான் ஏணி. இறக்கினாலும் கெப்பாசிட்டரில் மிச்சம் இருக்கலாம், அதைப் பழைய குண்டு பல்பின் ஒயரில் தொட்டு வடியவிடுவது அண்ணனின் பழக்கம். புதிதாக லைன் இழுப்பது, பிரேக்கர்கள் இருக்கும் டிபி பெட்டியைத் திறப்பது எல்லாம் லைசென்ஸ் உள்ள வயர்மேன் வேலை, சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. ஹீட்டர் வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும் ஒன்று. குளிக்கும் இடத்து ஹீட்டருக்குத் தனியாக 10 மில்லிஆம்பியர் மின்கசிவிலேயே விழும் இஎல்சிபி (மின்கசிவு பிரேக்கர்) இருக்க வேண்டும், மொத்த வீட்டுக்கும் இருக்கும் 100 மில்லிஆம்பியர் பிரேக்கரை நம்பக் கூடாது. அதில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழவில்லையென்றால் அன்றைக்குப் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

வெளிவேலையைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை, செய்ய மட்டும் நிறைய இருக்கிறது. மாமரத்துச் சருகு கூரை ஓரத்துத் தண்ணீர்க் கால்வாயில் விழுந்து அடைக்கும், மத்தியானம் ஒரு இடிமழை வந்தால் தண்ணீர் தேங்கும், ஒரு வாரம் பத்து நாளில் அங்கே முட்டை கொசுவாகிவிடும். ஏடிஸ் புழு இருப்பதைச் சுகாதார ஆட்கள் கண்டுபிடித்தால் ஐந்நூறு வெள்ளி அபராதம். அதனால் ஏப்ரலிலும் அக்டோபரிலும் மழை வலுக்கும் முன்னால் ஒரு தடவை ஏணி. இப்போதெல்லாம் ஏணியைப் பிடிக்க ஆள் இல்லாமல் நான் ஏறுவதில்லை, இதை வீட்டம்மா படிப்பார் என்பதால் அழுத்தி எழுதுகிறேன்.

பாராங் (வெட்டுக்கத்தி) கதை மட்டும் சொல்லியாக வேண்டும். வாத்தியாருக்கு அவர் தாத்தா காலத்துப் பாராங் ஒன்று இருக்கிறது. எஸ்டேட்டில் லயத்துக்குப் பின்னால் புதர் வெட்டியது, நல்ல எடை, நல்ல இரும்பு. அதைத் தீட்டித் தருகிறேன் என்று வாங்கி, புதிதாக வாங்கியிருந்த மேசை கிரைண்டரில் வைத்தேன். தீப்பொறி தீபாவளி மாதிரி பறந்தது. விளிம்பு முழுக்க மயில் கழுத்து நிறத்தில் நீலம் ஓடியது, அழகாக இருக்கிறதே என்று வாத்தியாரிடம் காட்டினேன். எதிர்வீட்டுப் பெரியவர் "ஐயோ" என்றார். எஃகு நீலமாக மாறினால் ஏறக்குறைய முந்நூறு டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம், அந்த இடத்தில் கொல்லன் சூடுகாட்டிக் கொடுத்த துவைச்சல், அதாவது எஃகின் கெட்டித்தன்மை, போய்விட்டது என்று அர்த்தம். பிறகு எவ்வளவு தீட்டினாலும் இரண்டு வெட்டில் மழுங்கும். நீலம் ஓடிய அளவு முழுவதையும் தேய்த்து எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் நல்ல எஃகில் புது விளிம்பு கட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றி ஊற்றி, சாணைக்கல்லில், கையால். மூன்று சனிக்கிழமை. பாராங் அரை விரல் அகலம் குறைந்துபோனது. "பரவாயில்ல சார், தாத்தா கேக்க வரமாட்டார்" என்றார் வாத்தியார். எனக்கென்னவோ அது ஆறுதலாகப் படவில்லை.

ஒரே ஒரு தடவை பழி என்மேல் விழாமல் தப்பியது, பின்கதவு நிலையில். புதுப் பெயிண்டுக்குச் சுரண்டும்போது ஸ்குரூ டிரைவர் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி உள்ளே போனது. கரையான் தின்றுவிட்டுப் போன பொந்தில், எங்களுக்கு முன் இருந்தவர் பட்டியை அப்பி, மேலே பெயிண்ட் அடித்து விற்றிருக்கிறார். முப்பது வருஷமாக நாங்கள் மாவு பூசிய காற்றைப் பூட்டிவிட்டுத் தூங்கியிருக்கிறோம். நான் வாய்விட்டு, சத்தமாக, "இனி சியாப்பா புவாட்?" என்று கேட்டேன். எவ்வளவு சந்தோஷமான கேள்வி தெரியுமா அது.

புது நிலைக்கு வாத்தியார் செங்கால் மரம் பார்த்துக் கொடுத்தார், ஒரு பழைய வீட்டை இடித்த இடத்திலிருந்து. ரப்பர் மரப் பலகை மலிவுதான், ஆனால் மருந்து ஏற்றிச் சூளையில் உலர்த்தாத ரப்பர் மரம் பூச்சிக்கு விருந்து, அதை மேசை நாற்காலியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. செங்கால் கரையானுக்கு அவ்வளவு லேசில் மசியாது. நமக்கும் மசியாது. துளை போடாமல் திருகினால் ஸ்குரூவின் கழுத்து முறிந்துவிடும், முறிந்த பாதி உள்ளேயே நிற்கும். துளை போட்டு, முதலில் இரும்பு ஸ்குரூவைச் சோப்பில் தேய்த்து ஏற்றி வழி உண்டாக்கி, அதைக் கழற்றிவிட்டு அதே அளவுப் பித்தளை ஸ்குரூவைப் போட வேண்டும். இதை அண்ணன் சொல்லவில்லை, வாத்தியார் சொல்லவில்லை, இரண்டு பித்தளை ஸ்குரூ முறிந்தபிறகு எதிர்வீட்டுப் பெரியவர் உள்ளே போய் ஒரு துண்டு துணிச்சோப்பைக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

இனி அந்தப் பெட்டிக்கு வருகிறேன்.

அம்மாவுக்கு அப்பா ஒரு தேங்காய்த் துருவுபலகை செய்து கொடுத்திருந்தார். உட்கார்ந்து துருவும் வகை. பலகை பட்டறையில் கழித்துப்போட்ட மரம், துருவும் நாக்கு தேய்ந்துபோன அரத்தைச் சூடுகாட்டி அடித்துச் செய்தது. நாக்கைப் பலகையில் ஆணி அடிக்காமல் இரண்டு போல்ட்டும் நட்டும் போட்டுப் பூட்டியிருந்தார், மழுங்கினால் கழற்றித் தீட்டலாம் என்று. அம்மா இருந்தவரை எங்கள் வீட்டுத் தேங்காயெல்லாம் அதில்தான். அப்பா போனதற்கு அடுத்த வருஷமோ என்னவோ, ஆடுகிறது என்று அம்மா சொன்னார். ஒரு நட்டு எங்கோ விழுந்துவிட்டது. நான் கடையில் எட்டு மில்லிமீட்டர் நட்டு ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். இரண்டு சுற்று லேசாக ஏறியது, அப்புறம் பிடித்துக்கொண்டது. துருவாக இருக்கும் என்று நினைத்து எண்ணெய் விட்டு, ஸ்பேனருக்குப் பைப்பு மாட்டி நீளமாக்கி, முழுப் பலத்தோடு திருகினேன். ஏறிவிட்டது. ஆட்டம் நின்றது. அம்மா, "அப்பா மாதிரியே செஞ்சுட்ட" என்றார்.

போன மாதம் மாடிப்படிக்குக் கீழே சாமான்களை ஒழித்துச் சுத்தம் செய்தபோது பலகையும் பெட்டியும் ஒன்றாகக் கிடைத்தன. நாக்கைக் கழற்றித் தீட்டலாம் என்று பார்த்தால் ஒரு நட்டு சுலபமாக வந்தது, நான் போட்டது வரவில்லை. அண்ணன் போல்ட்டைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார், எனக்குத் தெரிந்த அதே கேள்வியை. நான்தான் என்றேன்.

அந்த போல்ட் ஐந்தின் கீழ் பதினாறு விட்வொர்த். மில்லிமீட்டரில் 7.94. எட்டுக்கு எவ்வளவு பக்கம் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். ஆனால் இதில் இஞ்சுக்குப் 18 பல், எட்டு மில்லிமீட்டரில் பல்லுக்குப் பல் ஒன்றேகால் மில்லிமீட்டர், அதாவது இஞ்சுக்கு இருபது சொச்சம். முதல் இரண்டு சுற்று இரண்டுமே ஒத்துப்போகிற மாதிரி இருக்கும், மூன்றாவதிலிருந்து ஒன்றையொன்று கடிக்க ஆரம்பிக்கும். நான் பைப்பு மாட்டித் திருகியதில் அப்பா போல்ட்டின் பற்களை இழைத்துவிட்டிருந்தேன். அதன் பக்கத்திலேயே, அந்தப் பெட்டியில், பழைய சிகரெட் டப்பா ஒன்றில், அதே அளவு நட்டுகள் ஏழு இருந்தன. பெட்டியைத் திறந்து பார்க்காமல் கடைக்குப் போயிருக்கிறேன்.

நட்டை ரம்பத்தால் பக்கவாட்டில் அறுத்து, உளியால் பிளந்து எடுத்தோம். அண்ணனிடம் மரை வெட்டும் பழைய டை செட் இருந்தது, 18 பல் டையை எண்ணெய் விட்டு அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று ஓட்டினார். மடிந்த பற்கள் நிமிர்ந்தன, எல்லாம் இல்லை, பாதிக்கு மேல். டப்பாவிலிருந்து ஒரு நட்டை எடுத்துப் போட்டேன். விரலால் திருகியே கடைசிவரை போனது. கழற்றினேன், திரும்பப் போட்டேன். இன்னொரு தடவையும் கழற்றினேன். அண்ணன், "போதும் தம்பி, தேஞ்சிடப்போவுது" என்றார்.

வீட்டில் தேங்காய் துருவி எவ்வளவோ காலம் ஆகிறது. பாசாரில் மெசினில் துருவிப் பிழிந்து பையில் கட்டிக் கொடுக்கிறார்கள், அவசரத்துக்குப் பாக்கெட் இருக்கிறது. அன்றைக்கு மட்டும் ஒரு தேங்காய் வாங்கி வந்து உடைத்து நானே துருவினேன். கால் மூட்டு வலித்தது, பாதி மூடியோடு எழுந்துவிட்டேன்.

பலகையைக் கவிழ்த்து, அடியில் மார்க்கர் பேனாவால் எழுதினேன்: 5/16 விட்வொர்த். எட்டு மில்லிமீட்டர் நட்டு போடாதே. மிச்ச ஆறு நட்டு டப்பாவில் இருக்கிறது.

வீட்டம்மா எட்டிப் பார்த்தார். "யாருக்குங்க எழுதி வெக்கிறீங்க? பிள்ளைங்க இதத் தொடப்போறாங்களா?"

"எனக்குத்தான்" என்றேன்.